வயற்காணி உறுதி பெட்டகத்திலேயே இருக்கட்டும்

சம்மாந்துறையில், பிரயோக விஞ்ஞான பீடத்தில் இறுதி வருஷம் படிக்கிறேன். மேற்படிப்புக்கு அவுஸ்திரேலியா போவதில் என்ன நன்மை? வாப்பா வயலை ஈடு வைக்கவும் தயார்.
— ஒரு வாசகி, சாய்ந்தமருது

மகள், வயற்காணி உறுதியைப் பெட்டகத்திலேயே பத்திரமாக வைத்திருக்கும்படி முதலில் வாப்பாவிடம் சொல்லுங்கள். விரிவுரை கேட்டுப் பெறும் முதுமாணிப் பட்டத்துக்குப் பெரும்பாலும் கைக்காசுதான். ஆராய்ச்சிப் பட்டத்துக்கோ, அந்நாட்டு அரசாங்கம் பல்கலைக்கழகங்கள் வழியாக வழங்கும் ஆராய்ச்சிப் பயிற்சிப் புலமைப்பரிசில், பிறநாட்டு மாணவருக்கும் கட்டணத்தோடு ஜீவனத்துக்கான படியையும் சேர்த்தே தரக்கூடியது.

நன்மை யாதெனில், மேற்கு அவுஸ்திரேலியாவில் ஆழ வேரோடிய மரங்களை வெட்டிக் கோதுமை விதைத்ததனால் நிலத்தடி நீர் மேலெழுந்து, விளைநிலமெங்கும் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்த அனுபவத்திலிருந்து, உவர்மண் பற்றிய சாஸ்திரத்தை அவர்கள் தலைமுறைக்கணக்காக வளர்த்திருக்கிறார்கள். 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் புகுந்ததைக் கண்ட நம் கரையோரத்துக்கு அது அந்நிய வித்தையன்று. 1950 இல் கொழும்பில் கூடிய பொதுநலவாய நாடுகளின் மகாநாட்டில் உதித்த கொழும்புத் திட்டத்தினால், ஆசிய மாணவர் ஆயிரக்கணக்கில் நடந்து பண்படுத்திய பாதைதான் அவுஸ்திரேலியப் படிப்பு.

ஆகவே, முதல் வகுப்புச் சித்திக்கு முயலுங்கள். உங்கள் துறையில் ஆராயும் பேராசிரியர் ஒருவருக்கு, உங்கள் ஆய்வின் சாரத்தை ஒரே பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். அல்லாஹ் உங்கள் நாட்டத்தை நிறைவேற்றி வைப்பானாக.