கரும்பாலையில் கற்கும் வேதியியல் சொற்கள்

மேல்நிலைப் பள்ளியில் பயிலும் தம்பி தங்கையர் பலர் வேதியியல் கடினம் என்று கூறக் கேட்கிறோம். பாடத்தைக் காட்டிலும் அதன் சொற்களே அவர்களை அச்சுறுத்துகின்றன என்பது என் கருத்து. தமிழ்வழியில் படிப்போர்க்கு ஒரு நன்மை உண்டு. சொல்லைப் பிரித்தால் பொருள் உள்ளேயே கிடைக்கும். எங்கள் ஊராகிய முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை இருப்பதால், கரும்பைக் கொண்டே சிலவற்றை விளக்க முற்படுகிறேன்.

கரும்புச் சாறு ஒரு கலவை. நீரும் சர்க்கரையும் பிறவும் அதில் கூடலாம், குறையலாம். சர்க்கரையோ சேர்மம். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன் அணுக்கள் உண்டு. எந்தக் கொல்லைக் கரும்பானாலும் இக்கணக்கு மாறாது. வேதியியலார் இதனைச் சுக்ரோஸ் என்பர். சர்க்கரை மீது அடர் கந்தக அமிலம் ஊற்றினால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் நீராக வெளியேறக் கரி எஞ்சும். அக்கரி கார்பன் என்னும் தனிமம். (இதை ஆய்வகத்தில் ஆசிரியர் செய்யக் காண்க; வீட்டில் முயல வேண்டாம்.)

அடுத்து நீராற்பகுப்பு. நீர், ஆல், பகுப்பு என்று பிரித்துப் பாருங்கள். சுக்ரோஸின் மூலக்கூறு எடை 342. நீரின் எடை 18. இரண்டும் சேர்ந்து 360. அது குளுக்கோஸ் 180, ஃபிரக்டோஸ் 180 எனப் பிரிகிறது. வெட்டிய கரும்பு நாட்கணக்கில் கிடந்தால் அதிலேயே உள்ள இன்வர்டேஸ் என்னும் நொதி இவ்வேலையைத் தொடங்கிவிடும். எடை மட்டுமன்றிச் சர்க்கரையும் குறையும். என் தந்தையார் கரும்பு வெட்டும் தொழிலாளி. வெட்டியதைக் காயவிடாமல் ஆலைக்கு அனுப்ப வேண்டும் என்பது பள்ளிக்கூடம் செல்லாத அவருக்கு நன்கு தெரியும். அதற்குள் நடக்கும் வினைக்கு ஒரு பெயர் உண்டு என்பதை எங்கள் வீட்டில் முதலில் சொன்னவன் நான்.

சாறு சற்று அமிலத்தன்மை உடையது. வெப்பத்துடன் அமிலமும் சேர்ந்தால் நீராற்பகுப்பு விரைவாகும். ஆகவே ஆலையில் சுண்ணாம்புப் பால் சேர்க்கின்றனர். சுண்ணாம்பு ஒரு காரம். மிளகாய்க் காரம் என்று மயங்க வேண்டாம். சவுக்காரம் என்ற சொல்லை நினைத்துக்கொண்டால் போதும். காரம் அமிலத்தோடு வினைபுரிவது நடுநிலையாக்கல். கந்தக டை ஆக்சைடு வாயுவையும் செலுத்துவதால் கால்சியம் சல்ஃபைட் உண்டாகி அழுக்கையும் பிடித்துக்கொண்டு அடியில் இறங்குகிறது. வீழ்ந்து படிவதால் அது வீழ்படிவு. வயலுக்கு உரமாக வரும் பிரஸ்மட் பெரும்பாலும் இதுவே.

தெவிட்டிய கரைசல் என்பது எனக்கு மிகவும் பிடித்த சொல். இதற்குமேல் வேண்டாம் என்னும் அளவுக்கு நீர் உண்டுவிட்டது! 20 பாகை செல்சியஸில் 100 கிராம் நீர் ஏறக்குறைய 36 கிராம் சோற்றுப்பைத்தான் ஏற்கும். சர்க்கரையையோ சுமார் 200 கிராம் வரை ஏற்கும். ஆலையில் தாழ்ந்த அழுத்தத்தில் நீரை ஆவியாக்கி அந்த எல்லையையும் கடக்கச் செய்வர். அது அதிதெவிட்டிய கரைசல். அதில் சிறு சர்க்கரைத் துகள்களை இட்டால் படிகங்கள் வளரத் தொடங்கும். எல்லாக் கரைசலும் தெவிட்ட வேண்டுவதில்லை. எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் ஏற்றப்படும் உப்புக் கரைசலில் 100 மில்லி லிட்டருக்கு 0.9 கிராம் சோடியம் குளோரைடே உண்டு.

இச்சொற்கள் ஒரே நாளில் வந்தவை அல்ல. யாழ்ப்பாணத்தில் மருத்துவம் கற்பித்த டாக்டர் கிறீன் மேற்பார்வையில் 1875-இல் ‘கெமிஸ்தம்’ என்னும் நூல் வெளிவந்தது. இராஜாஜி ‘திண்ணை ரசாயனம்’ எழுதினார். தனிமத்தை இலங்கையார் மூலகம் என்பர். வினையைத் தாக்கம் என்பர். ஆக்சிஜனை ஒட்சிசன் என்று எழுதுவர். எது சிறந்தது என்று வாதிடலாம். தேர்வில் மட்டும் நம் பாடநூலில் உள்ளதையே எழுதுக!

பள்ளிப் படிப்பு முடிந்து கல்லூரிக்கு வருவோர் ஆங்கில நூல்களையும் புரட்ட நேரும். அப்போது தமிழ்ச் சொல்லை மறக்காமல் அருகிலேயே ஆங்கிலச் சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் அவ்வாறு எழுதி வருகிறேன். வீழ்படிவு, பிரெசிபிடேட். படிகமாதல், கிரிஸ்டலைசேஷன். நீராற்பகுப்பு, ஹைட்ராலிசிஸ். கடைசிச் சொல்லையும் பிரித்துப் பாருங்கள்: கிரேக்கத்தில் ஹைட்ரோ என்றால் நீர், லைசிஸ் என்றால் பிரித்தல்.