கிடைத்த இடத்தை ஏன் விடுகிறார்கள்?

அன்புள்ள தங்கைக்கு,

ஆசைப்பட்ட கல்லூரியிலேயே இடம் கிடைத்த பிறகும் ஒரு மாணவி அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அக்கம்பக்கத்தில் என்ன பேசுவார்கள் என்பது உனக்குத் தெரியும். பயந்துவிட்டாள், மனசு மாறிவிட்டது, சோம்பல் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எல்லாக் காரணமும் அவள் மனசுக்குள்ளேயே இருப்பதாகத்தான் பேச்சு போகும். எனக்கு அது சரியாகப் படவில்லை. அமெரிக்காவில் கல்லூரி முதலாண்டு மாணவர்களிடம் 1966 முதல் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்துவருகிறது. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைப் பல ஆண்டுகளாக நடத்திவந்தார்கள். 2013இல் சுமார் 1,65,000 பேர் அதற்குப் பதில் சொன்னார்கள். முதல் விருப்பக் கல்லூரியில் இடம் கிடைத்தவர்கள் 75.5 சதவீதம், அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் 56.9 சதவீதம்தான். நூற்றுக்குப் பத்தொன்பது பேர், கிடைத்த இடத்தை விட்டிருக்கிறார்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுத்ததில் செலவு மிக முக்கியமான காரணம் என்று சொன்னவர்கள் 2004இல் 31 சதவீதம். 2013இல் ஏறக்குறைய 46. ஒன்பது வருஷத்தில் ஒரு தலைமுறைக்கே சோம்பல் வந்துவிட்டது என்று நம்புவதைவிட, கட்டணம் ஏறிவிட்டது என்று நம்புவது எனக்கு எளிதாக இருக்கிறது.

அங்கே இடம் கிடைத்தவர்களுக்கு நிதியுதவிக் கடிதம் ஒன்று வரும். திருப்பித் தர வேண்டாத உதவித்தொகை ஒரு வரியில் இருக்கும். அரசின் கல்விக்கடன் அடுத்த வரி. வளாகத்து நூலகத்திலோ உணவுக்கூடத்திலோ வேலை பார்த்துச் சம்பாதிக்க வேண்டிய தொகை இன்னொரு வரி. பல கல்லூரிகள் இந்த மூன்றையும் கூட்டி, மொத்த உதவி இவ்வளவு என்று அடியில் போட்டுவிடும். கடனையும் உதவி என்று எழுதும் துணிச்சல் நம் வட்டிக்கடைக்காரர்களுக்குக்கூட வந்ததில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காக அரசுச் செலவுகளை ஆராயும் தணிக்கை அமைப்பு 2022 டிசம்பரில் இதைப் பற்றி ஓர் அறிக்கை தந்தது. மாணவர் உண்மையில் கட்ட வேண்டிய நிகரத் தொகையைச் சொல்லாமல் விட்ட, அல்லது குறைத்துக் காட்டிய கல்லூரிகள் 91 சதவீதம் என்பது அதன் மதிப்பீடு. வீட்டில் ஏற்கெனவே இரண்டு பேர் பட்டம் வாங்கியிருந்தால் அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்க ஆள் இருக்கும். முதல் பட்டதாரி வீட்டில் அது விளங்காத தாள்தான். மே 1க்குள் பதில் சொல் என்ற கெடு வேறு.

பணம் மட்டும்தானா என்று நீ கேட்கலாம். இல்லை. டெல்லிப் பல்கலைக்கழக மாணவர்கள் நாலாயிரம் பேருக்கு மேற்பட்டவர்களிடம் கேட்டறிந்து, வீட்டிலிருந்து ஒவ்வொரு கல்லூரிக்கும் போகும் வழிகளையும் சேர்த்து ஆராய்ந்தார் பொருளியலாளர் கிரிஜா போர்கர். போகிற வழி பாதுகாப்பானது என்று தோன்றினால், தரத்தில் முதல் ஐந்தில் ஒரு பங்குக்குள் வரும் கல்லூரியை விட்டு, கீழ்ப்பாதியில் இருக்கும் கல்லூரியில் சேரவும் பெண்கள் தயாராக இருந்தார்கள். ஆண்கள் அந்த அளவுக்கு இறங்கிவரவில்லை. மதிப்பெண்ணில் யாருக்கும் சளைக்காத பெண், பஸ்ஸில் இடிபடாமல் போய்வருவதற்காகத் தன் படிப்பின் தரத்தை விட்டுக்கொடுக்கிறாள். இதற்குப் பெயர் விருப்பமா?

"கெட்டிக்காரப் பிள்ளை எங்கே படித்தாலும் முன்னுக்கு வரும், பெயரில் என்ன இருக்கிறது" என்று ஒரு வாதம் உண்டு. அதை நான் ஒதுக்கிவிட மாட்டேன். அதற்கு நல்ல ஆதாரமே இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, 1976இல் கல்லூரியில் சேர்ந்தவர்களைப் பற்றியது. கடும் போட்டி உள்ள கல்லூரியில் இடம் கிடைத்தும் வேறிடம் போனவர்கள், பின்னாளில் சம்பாத்தியத்தில் பெரிதாகப் பின்தங்கிவிடவில்லை என்று அது காட்டியது. ஆனால் அதே ஆய்வில் ஒரு விதிவிலக்கு உண்டு. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கல்லூரி நிஜமாகவே பலன் தந்தது. பெற்றோர் அதிகம் படிக்காத பிள்ளைகளுக்கும் அப்படியே என்று அவர்களின் பிந்தைய ஆய்வு சேர்த்துச் சொன்னது. இதை யோசித்துப் பார். வசதியுள்ளவர் விட்டாலும் நஷ்டமில்லை, அவருக்கு விட வேண்டிய கட்டாயமும் இல்லை. விட்டால் நஷ்டப்படுகிறவருக்குத்தான் விட்டே ஆக வேண்டிய நிலை.

கடன் வாங்கிச் சேரட்டுமே என்பார்கள். பெற்றோரைச் சார்ந்த முதலாண்டு மாணவர் அமெரிக்காவில் அரசிடம் தன் பெயரில் வாங்கக்கூடியது 5,500 டாலர்தான். மிச்சத்துக்கு அப்பா அம்மா கையெழுத்துப் போட வேண்டும். அதைப் போடச் சொல்லத் தயங்குகிற பிள்ளையை நான் கோழை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் தயக்கம் முழுவதும் உண்மையான செலவைப் பார்த்து வருவதும் இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகம் தன் மாநிலத்து ஏழை வீட்டு நல்ல மாணவர்களுக்கு, இடம் கிடைத்தால் நான்காண்டும் கல்விக்கட்டணம் கிடையாது என்று முன்கூட்டியே கடிதம் எழுதிப் பார்த்தது. கடிதம் வராதவர்களில் விண்ணப்பித்தவர்கள் 26 சதவீதம்; வந்தவர்களில் 68. சேர்ந்தவர்கள் 13 சதவீதத்திலிருந்து 27 ஆனார்கள். இத்தனைக்கும் அவர்களில் பெரும்பாலோருக்கு அந்த உதவி எப்படியும் கிடைத்திருக்கும். கிடைக்கும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

ஆகவே நாளை உனக்கும் இடம் கிடைத்து, வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கத் தோன்றினால், அதற்கு முன் தொகையை எழுத்தில் கேட்டு வாங்கு. கல்விக்கட்டணத்தை மட்டும் பார்க்காதே. விடுதி வாடகை, மெஸ் முன்பணம், தேர்வுக் கட்டணம், ஊருக்குப் போய்வரும் செலவு எல்லாவற்றையும் நான்கு வருஷத்துக்கும் போட்டுப் பார். உதவித்தொகை எது, கடன் எது என்று தனித்தனியாக எழுதிக்கொள். நம் வீட்டில் உனக்கு முன்னால் யாரும் பட்டம் வாங்கவில்லை என்பதால், தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகைக்கு உனக்கு வழி உண்டு. அதற்கான சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும்; கலந்தாய்வு நெருங்கிவிட்டால் அங்கே கூட்டம் தாங்காது. ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே விண்ணப்பித்துவிடு.

அன்புடன்,
அக்கா