இண்டிகேட்டர் சுவிட்ச்: பழுதும் பரிகாரமும்

அம்பாசிடர் காரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆயினும் சில வீடுகளில் அது இன்னும் ஓடுகிறது. இத்தகைய பழைய கார்களில் நாளடைவில் தேய்ந்துபோகும் ஒரு சிறு பொருள் இண்டிகேட்டர் சுவிட்ச்.

வலப்புறம் திரும்பும்போது விளக்கு எரியாவிட்டால், பின்னால் ஸ்கூட்டரில் வருபவர் நாம் நேரே செல்வதாக எண்ணி முந்த முயல்வார். விபத்து நேர அது போதுமே!

பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் ‘பிளாஷர்’ என்னும் சிறு டப்பா வழியாகச் சுவிட்சுக்கு வருகிறது. பிளாஷர் அதை நிமிடத்திற்கு 60 முதல் 120 முறை விட்டுவிட்டு அனுப்புகிறது. சுவிட்ச் அதை இடப்பக்கமோ வலப்பக்கமோ திருப்பிவிடுகிறது.

இடப்பக்க விளக்கு சிமிட்டுகிறது, வலப்பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் பிளாஷர் நன்றாக உள்ளது என்று பொருள். முதலில் வலப்பக்கப் பல்புகளைச் சோதிக்க வேண்டும். அவையும் நன்றாக இருந்தால், சுவிட்சுக்கு வரும் பிளாஷர் கம்பியை வலப்பக்க விளக்குக் கம்பியோடு இணைத்துப் பார்க்கலாம். விளக்கு சிமிட்டினால் குறை சுவிட்சில்தான்!

பெரியவர் துணையோடு, பாட்டரி இணைப்பைக் கழற்றியபின் சுவிட்சைத் திறக்க வேண்டும். கறுத்துப்போன உலோகத் தொடுமுனைகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தால் மின்சாரம் மீண்டும் பாயும். தளர்ந்த முனையை மெல்ல வளைத்து இறுக்கலாம். உடைந்திருந்தால் புதிய சுவிட்ச்தான் வழி.

காரணம் அறியாமல் பொருளை மாற்றுவது பண விரயம். தோழியரே, அடுத்த முறை தந்தையார் காரை எடுக்குமுன், இருபக்க விளக்குகளையும் பார்த்துச் சொல்லுங்கள். அச்சிறு உதவி ஓர் உயிரைக் காக்கலாம்.