கடலில் ஒரு குதிரை, நம் தலைக்குள்ளும் ஒரு குதிரை



இந்த மாதப் பாடத்துக்கு ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். ஹிப்போகாம்பஸ். உயிரியல் படிப்பவர்கள் இதை மூளைப் பாடத்தில் பார்த்திருப்பீர்கள். மீன்களை ஆராய்பவருக்கு இது கடல்குதிரையின் பெயர். கிரேக்கப் புராணம் படிப்பவருக்கோ தேர் இழுக்கும் ஒரு விசித்திர விலங்கு. மூன்றுக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது? அதைத் தெரிஞ்சுக்கிட்டு நமக்கு என்ன பயன்? வரிசையாகப் பார்ப்போம்.

1. புராணத்தில்

கிரேக்க மொழியில் ‘ஹிப்போஸ்’ என்றால் குதிரை. ‘காம்போஸ்’ என்றால் பயங்கரமான கடல் விலங்கு. முன்பாதி குதிரை, பின்பாதி மீன் வால். கடல் தெய்வமான பொசைடனின் தேரை இவை இழுப்பதாக அந்நாட்டுக் கலைஞர்கள் காட்டினார்கள். ரோம் நகரில் 1762-இல் கட்டி முடிக்கப்பட்ட திரெவி நீரூற்றிலும் இரண்டு கடல்குதிரைகளைப் பார்க்கலாம். ஒன்று அடங்காமல் திமிறும், மற்றொன்று சாந்தமாக நிற்கும். கடலின் இரண்டு குணங்கள் அவை.

கடலையும் குதிரையையும் சேர்த்துப் பார்ப்பது நமக்கும் புதிதல்ல. பாற்கடலைக் கடைந்தபோது வெளிவந்தவற்றில் உச்சைச்சிரவம் என்ற வெள்ளைக் குதிரையும் ஒன்று. கடலடியில் பெண்குதிரை முகத்தோடு ஒரு தீ எரிகிறது, அதற்கு வடவாமுகாக்கினி என்று பெயர் என்றும் புராணங்கள் சொல்கின்றன. இத்தனை ஆறுகள் வந்து கலந்தும் கடல் ஏன் கரை மீறவில்லை என்ற கேள்விக்கு, அந்தத் தீ நீரைக் குடித்துக்கொண்டிருக்கிறது என்பது பழைய பதில்.

“அப்படின்னா கோயில் தோரணத்தில் இருக்கும் மகரமும் ஹிப்போகாம்பஸும் ஒண்ணுதானா?” என்று சிலர் கேட்கலாம். இல்லை. மகரம் கங்கைக்கும் வருணனுக்கும் வாகனம். அதற்குப் பெரும்பாலும் முதலை வாய், யானைத் துதிக்கை, மீன் வால் உண்டு. குதிரையின் சாயல் கிடையாது. இரண்டு மக்கள் கடலைப் பார்த்து வியந்து, தரை விலங்கையும் நீர் விலங்கையும் இணைத்துக் கற்பனை செய்தார்கள். ஒத்துப்போகிறது என்பதற்காக ஒன்றிலிருந்துதான் மற்றொன்று வந்தது என்று சொல்லிவிடக் கூடாது.

2. கடலில்

இனி உண்மையான கடல்குதிரைக்கு வருவோம். விலங்கியலில் ‘ஹிப்போகாம்பஸ்’ என்பது கடல்குதிரைகள் அடங்கிய பேரினத்தின் பெயர். பார்க்க மீன் மாதிரியே இருக்காது; ஆனாலும் மீன்தான், செவுளால் மூச்சு விடுகிறது. நிமிர்ந்தபடி மெதுவாக நீந்தும். வாலால் கடற்புல்லைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிற்கும். பல்லும் இல்லை, வயிறும் இல்லை. அதனால் நாள் முழுக்கச் சிறுசிறு இரையை உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். கருவைச் சுமப்பது ஆண். பெண் தன் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பையில் இடுகிறது. குஞ்சுகளைச் சுமந்து வளர்த்து வெளியே விடுவது அப்பாவின் வேலை!

நம் பக்கத்துக் கடல்களில் வாழும் ஒரு வகைக்கு ‘ஹிப்போகாம்பஸ் குடா’ என்று பெயர். 1852-இல் டச்சு அறிஞர் பிளீக்கர் வைத்தது. ‘குடா’ என்றால் மலாயில் என்ன என்று உங்களுக்கே தெரியும். கிரேக்கத்தில் ஒரு குதிரை, மலாயில் ஒரு குதிரை, ஆக ஒரே பெயரில் இரண்டு குதிரை! ஜொகூரில் சுங்கை பூலாய் கழிமுகத்தின் கடற்புல் வெளிகளில் இவை வாழ்கின்றன. கடற்புல் அழிந்தால் பிடித்துக்கொள்ள இடமில்லை. இழுவலையில் மாட்டியும், மருந்துக்காகக் காயவைத்து விற்கப்பட்டும் ஏராளமானவை சாகின்றன. அதனால்தான் 2004 முதல் எல்லாக் கடல்குதிரை இனங்களின் அனைத்துலக வணிகமும் ‘சைட்டிஸ்’ ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது.

3. மூளையில்

இத்தாலியின் பொலோஞா நகரில் வாழ்ந்த உடற்கூற்று அறிஞர் அரான்சி, 1587-இல் வெளிவந்த தம் நூலில், மூளைக்குள் வளைந்து கிடந்த ஒரு பகுதியைக் கடல்குதிரைக்கு ஒப்பிட்டார். காதுக்கு நேர் உட்புறத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உள்ளன. பின்னால் வந்த சிலருக்கு அது ஆட்டுக்கடாவின் கொம்பாகத் தெரிந்தது. எகிப்தியத் தெய்வத்தின் பெயரால் ‘அம்மோனின் கொம்பு’ என்றார்கள். உருவத்தைப் பார்த்துப் பெயர் வைத்தாயிற்று. வேலை என்ன? பல காலம் அது முகரும் உணர்வுக்கானது என்றே நினைத்தார்கள்.

விடை ஒரு மனிதரின் துன்பத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞர் கடுமையான வலிப்பு நோயால் அவதிப்பட்டார். 1953-இல் ஸ்கோவில் என்ற மருத்துவர், அவருடைய இருபக்க ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியையும் அதைச் சுற்றியிருந்த பகுதிகளையும் அகற்றினார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பின் புதிதாக எதுவும் மனத்தில் தங்கவில்லை. சின்ன வயதில் நடந்தவை நினைவிருந்தன. பேச்சும் அறிவும் கெடவில்லை. சற்றுமுன் சந்தித்தவர் வெளியே போய்த் திரும்பி வந்தால், அவர் புது ஆள்!

பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர், கண்ணாடியில் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தை வரையும் பயிற்சியை அவருக்குக் கொடுத்தார். நாளுக்கு நாள் ஹென்றியின் கை தேறியது. ஆனால் முந்தைய நாள் அதைச் செய்ததே அவருக்கு நினைவில்லை. ஆக, கை பழகுவது ஒரு வகை நினைவு, நடந்ததை நினைப்பது இன்னொரு வகை என்று தெரிந்தது. 2008-இல் அவர் இறக்கும்வரை உலகம் அவரை ‘எச்.எம்.’ என்ற இரண்டு எழுத்துகளால் மட்டுமே அறிந்திருந்தது.

இதிலிருந்து என்ன புரிகிறது? ஹிப்போகாம்பஸ் நினைவுகள் எல்லாம் அடுக்கி வைத்த கிடங்கு அல்ல. இன்று நடப்பது நாளைக்கும் நிலைப்பதற்கு அது ஒரு வாசல். வாசல் அடைபட்டால் புதியது உள்ளே போகாது. ஏற்கனவே உள்ளே போனது பெரும்பாலும் இருக்கும்.

4. பயிற்சி செய்தால் மாறுமா?

லண்டனில் டாக்சி ஓட்ட உரிமம் வேண்டுமானால் ஏறக்குறைய 25,000 தெருக்களை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். அந்த ஓட்டுநர்களின் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருப்பதை 2000-இல் எலினோர் மகுவயர் குழுவினர் கண்டார்கள். ‘அப்படிப் பிறந்தவர்கள்தான் அந்த வேலைக்கு வந்தார்களோ?’ நியாயமான சந்தேகம். அதனால் பயிற்சிக்கு வந்தவர்களை முன்னும் பின்னும் அளந்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். தேர்ச்சி பெற்றவர்களுக்குத்தான் அந்தப் பகுதி வளர்ந்திருந்தது.

2016-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு நமக்கு நெருக்கமானது. இந்தியாவில் சிறு வயது முதல் வேதத்தை வாய்மொழியாகவே கற்ற பண்டிதர்களின் மூளையை எம்.ஆர்.ஐ. மூலம் ஜேம்ஸ் ஹார்ட்செல் குழுவினர் பார்த்தார்கள். ஹிப்போகாம்பஸ் உள்ளிட்ட பல பகுதிகளில் மற்றவர்களுக்கும் இவர்களுக்கும் தெளிவான வேறுபாடு இருந்தது. ஆனால் இங்கே பயிற்சிக்கு முன் யாரையும் அளக்கவில்லை. ஆகவே “மந்திரம் சொன்னால் மூளை பெருக்கும் என்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது” என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அப்படியே அனுப்பிவிடாதீர்கள். நம் பெருமைக்கு மிகைப்படுத்தல் தேவையில்லை.

5. நமக்கு என்ன பாடம்?

முதலாவது, மனப்பாடத்தைக் கேலி செய்ய வேண்டாம். பொருள் தெரியாமல் ஒப்பிப்பது போதாது, உண்மைதான். ஆனால் ஒரு தேவாரப் பதிகம் மனத்தில் இருந்தால், பொருள் ஒருநாள் அங்கே வந்து சேரும். கைப்பேசியில் மட்டும் இருந்தால் பேட்டரி உள்ளவரைதான்.

இரண்டாவது, எஸ்.பி.எம். எழுதுபவர்களுக்கு. பாடத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பது நன்றாகப் பதியும். தூக்கத்தின்போது ஹிப்போகாம்பஸ் பகலில் நடந்ததை மறுபடி ஓட்டிப் பார்க்கிறது. விடிய விடியக் கண்விழித்துப் படித்தால் அந்த வேலையைக் கெடுக்கிறோம்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். அல்சைமர் நோய் மூளையில் முதலில் தாக்கும் இடங்களில் ஹிப்போகாம்பஸும் ஒன்று. “சாப்பிட்டியா?” என்று ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்கும் பாட்டி வேண்டுமென்றே கேட்கவில்லை. முந்தைய ஒன்பது முறையும் அவர் மனத்தில் பதியவே இல்லை. அதே பாட்டி, சிறு வயதில் கற்ற பதிகத்தை ஒரு சொல் பிசகாமல் பாடுவார். கோபப்படாமல் பத்தாவது முறையும் பதில் சொல்லுங்கள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பதிகத்தைக் கேட்டு நீங்களும் படித்துக்கொள்ளுங்கள். அவருடைய வாசல் அடைபடுகிறது. உங்களுடையது இன்னும் திறந்துதான் இருக்கிறது.

குழுவில் பேசிப் பாருங்கள்

• உங்கள் வீட்டுப் பெரியவருக்கு மட்டுமே தெரிந்த பாட்டு, கதை, வழிபாட்டு முறை எது? அதை யார் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள்?
• கைப்பேசியைப் பார்க்காமல் முழுதாகச் சொல்லக்கூடிய பதிகம் உங்களுக்கு எத்தனை?
• மகரமும் ஹிப்போகாம்பஸும் எதில் ஒத்திருக்கின்றன, எதில் வேறுபடுகின்றன? அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது திருவாசியைக் கவனித்துவிட்டு வந்து சொல்லுங்கள்.