பல் டாக்டர் ஆக ஆசையா? பல்லை வைத்தே செல்லைப் படியுங்கள்!

பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டை வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். டி.வி. சத்தம் இருக்காது. விருந்தாளி வந்தாலும் பேச்செல்லாம் கிசுகிசுப்பில்தான். உள்ளறையிலிருந்து ஒரே ஒரு குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்: ‘மைட்டோகாண்ட்ரியா... செல்லின் ஆற்றல் நிலையம். ரைபோசோம்... புரதத் தொழிற்சாலை. லைசோசோம்... தற்கொலைப் பை...’

நல்லதுதான். ஆனால் தம்பி, தங்கைகளே, இந்த மூன்று வரியை ஒப்பிக்கத் தெரியாமல் யாரும் பரீட்சை ஹாலுக்கு வருவதில்லை. அதனால் இவற்றை வைத்து மட்டும் சீட் கிடைக்காது. 2025ஆம் ஆண்டு நீட் தேர்வில் மொத்தம் 180 கேள்விகள், 720 மார்க். அதில் பாதி, அதாவது 90 கேள்வி, உயிரியல். சரியான விடைக்கு 4 மார்க். தப்பு விடைக்கு 1 மார்க் கழிவு. ஆக, ஒரு கேள்வியில் குழம்பினால் உங்களுக்கும் பக்கத்து பெஞ்சுக்காரருக்கும் 5 மார்க் வித்தியாசம்! பி.டி.எஸ். கனவு கைகூடுவதும் நழுவுவதும் பல சமயம் இப்படிப்பட்ட குழப்பங்களில்தான்.

‘சித்த வைத்தியர் செல்லைப் பற்றி எழுதுகிறாரே?’ என்று புருவத்தை உயர்த்தாதீர்கள். எழுவகை உடற்கட்டுகளைப் படித்த அதே கல்லூரியில்தான் உடற்கூறும் உடலியலும் மைக்ராஸ்கோப்பும் எங்களுக்குப் பாடம். இன்றைக்கு சித்த மருத்துவப் பட்டப்படிப்புக்கும் பல் மருத்துவத்துக்கும் ஒரே நுழைவாயில், நீட்தான்.

மூன்றே கேள்விகள்

எந்த செல்லைப் பார்த்தாலும் அதனிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நீ எதைத் தயாரிக்கிறாய்? தயாரித்ததை எங்கே அனுப்புகிறாய்? அதற்கான சக்தி எங்கிருந்து வருகிறது? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால், அந்த செல்லுக்குள் எந்த உறுப்பு அதிகம் இருக்கும் என்பது தானாகவே விளங்கிவிடும். உங்கள் வாயிலேயே பார்த்துவிடுவோம்.

எனாமல் செய்யும் கைகள்

நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் பல்லின் எனாமல். எடையில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள். இதை உருவாக்குபவை அமீலோபிளாஸ்ட் என்ற செல்கள். பல் ஈறுக்குள் இருக்கும்போதே வேலையை ஆரம்பித்துவிடும்.

எதைத் தயாரிக்கிறது? முதலில் புரதத்தாலான ஒரு சட்டகம். அதில்தான் கால்சியம் உப்புகள் படிகின்றன. புரதம் என்றால் ரைபோசோம் வேண்டும். அதுவும் வெளியே அனுப்ப வேண்டிய புரதம். ஆகவே, ரைபோசோம்கள் ஒட்டிய சொரசொரப்பான எண்டோபிளாச வலை ஏராளமாக வேண்டும். (வழவழப்பான வலைக்கு வேலை வேறு: கொழுப்பும் ஸ்டீராய்டு ஹார்மோன்களும்.)

எங்கே அனுப்புகிறது? செல்லுக்கு வெளியே. அப்படியானால் ‘பார்சல் ஆபீஸ்’ வேண்டுமே! அதுதான் 1898இல் காமில்லோ கோல்கை கண்டறிந்த கோல்கை உறுப்பு. சரக்கு ஒரு பக்கமாக வரும் (சிஸ் முகம்), பக்குவப்பட்டு மறுபக்கமாக வெளியேறும் (டிரான்ஸ் முகம்). இந்த வழியை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள்: ரைபோசோம், சொரசொரப்பான வலை, கோல்கை, சிறு பை, செல்சவ்வு. ‘சரியான வரிசை எது?’ என்று வரும் கேள்விக்கு இனி மனப்பாடம் தேவையில்லை.

பல் முளைத்து வெளியே வந்ததும் இந்த செல்கள் அழிந்துபோகின்றன. செய்வதற்குச் செல்லே இல்லாதபோது எனாமல் எப்படித் திரும்ப வளரும்? சொத்தை விழுந்து குழியாகிவிட்டால் எந்தப் பற்பொடியும் அதை மூடாது. டாக்டர்தான் அடைக்க வேண்டும். உள்ளே இருக்கும் டென்டினைச் செய்யும் ஓடோன்டோபிளாஸ்ட் செல்களோ, பற்கூழ் உயிரோடு இருக்கும்வரை ஓரத்தில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்துகொண்டே இருக்கும்.

இங்கே ஒரு பொறி! தாவரப் பாடத்தில் அமைலோபிளாஸ்ட் என்று ஒன்று வரும். அது செல்லே அல்ல. உருளைக்கிழங்கில் ஸ்டார்ச் சேமிக்கும் கணிகம். ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் ஒன்று பல்லில், மற்றது கிழங்கில்!

பால் பல்லின் வேர் எங்கே போச்சு?

அம்மாக்களே, பிள்ளைக்கு விழுந்த பால் பல்லைக் கையில் வாங்கிப் பார்த்திருப்பீர்கள். அடியில் வேரே இருக்காது. உடைந்தும் போகவில்லை. கீழிருந்து நிரந்தரப் பல் வரும்போது, ஓடோன்டோகிளாஸ்ட் என்ற செல்கள் பால் பல்லின் வேரைக் கரைத்துவிடுகின்றன. எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்டுக்கு இவை பங்காளி. பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்கள்.

மூன்று கேள்வியைப் போடுங்கள். கரைக்க அமிலமும் நொதியும் வேண்டும். நொதி என்றால் லைசோசோம். அதன் நொதிகள் அமிலச் சூழலில்தான் நன்றாக வேலை செய்யும். அமிலத்தை வெளியே தள்ள ஏ.டி.பி. செலவாகும், எனவே மைட்டோகாண்ட்ரியாவும் நிறைய. ‘தற்கொலைப் பை’ என்று மட்டும் படித்தவருக்கு லைசோசோம் சாவுக்கு மட்டுமே உரியது என்று தோன்றும். அதன் அன்றாட வேலை செரிமானம்தான்.

இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்டோபிளாச வலை, கோல்கை, லைசோசோம், வாக்குவோல் நான்கும் ஒன்றோடொன்று கைகோத்து வேலை செய்யும் உட்சவ்வுத் தொகுப்பு. மைட்டோகாண்ட்ரியா, பசுங்கணிகம், பெராக்சிசோம் இதில் சேராது. ‘சேராதது எது?’ என்பது கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்வி!

பல்லில் குடியிருக்கும் விருந்தாளி

1665இல் ராபர்ட் ஹூக் தக்கையில் பார்த்த சிறு அறைகளுக்கு செல் என்று பெயர் வைத்தார். பிறகு 1683இல் ஹாலந்துக்காரர் லீவன்ஹூக், தன் பல்லிடுக்கு அழுக்கைச் சுரண்டிக் கண்ணாடி வழியே பார்த்தால்... குட்டி உயிர்கள் துள்ளி ஓடுகின்றன! அவைதான் பாக்டீரியா.

நம் செல் யூகேரியோட்டு; பாக்டீரியா புரோகேரியோட்டு. அதற்குச் சவ்வு சூழ்ந்த உட்கரு கிடையாது, மைட்டோகாண்ட்ரியா கிடையாது. ரைபோசோம் உண்டு, ஆனால் 70 எஸ் வகை (50 எஸ், 30 எஸ் என இரு துண்டுகள்). நம் சைட்டோபிளாசத்தில் இருப்பது 80 எஸ் (60 எஸ், 40 எஸ்). ‘ஐம்பதும் முப்பதும் எண்பதாச்சே?’ என்று கேட்பீர்கள். எஸ் என்பது எடை அல்ல. வேகமாகச் சுழற்றும்போது எவ்வளவு விரைவாக அடியில் படிகிறது என்பதன் அளவு. வடிவமும் அதைப் பாதிப்பதால் நேர் கூட்டல் பொருந்தாது.

இந்த வித்தியாசம் வெறும் மார்க்குக்கு மட்டுமா? டெட்ராசைக்ளின் மருந்து பாக்டீரியாவின் 30 எஸ் துண்டைப் பிடித்துக்கொண்டு அதன் புரத உற்பத்தியை நிறுத்துகிறது. ஆனால் வளரும் பல்லில் படிந்து நிரந்தரக் கறையும் ஏற்படுத்தும். அதனால்தான் கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் பொதுவாக அதைத் தவிர்க்கிறார்கள். பழைய சீட்டை வைத்து நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள் என்று சொல்வது இதற்காகவும்தான்.

கடிபட்ட கன்னம் ஆறுகிறது, பல் ஆறவில்லை

சாப்பிடும்போது கன்னத்தை உள்பக்கம் கடித்துக்கொண்டால் சில நாளில் ஆறிவிடும். அங்குள்ள செல்கள் மைட்டாசிஸ் முறையில் பிரிந்து இடத்தை நிரப்புகின்றன. செல் சுழற்சியை இங்கே வைத்துப் படியுங்கள். பாடப்புத்தகம் சொல்லும் மனித செல்லின் சுழற்சி சுமார் 24 மணி நேரம். அதில் பிரிவது (எம் நிலை) ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். மற்றதெல்லாம் ஜி1, எஸ், ஜி2 என்ற தயாரிப்பு. பிரியாமல் ஒதுங்கி, தன் வேலையை மட்டும் பார்க்கும் செல் ஜி0 நிலையில் இருக்கிறது.

எஸ் நிலையில் டி.என்.ஏ. அளவு இரட்டிப்பாகும், குரோமோசோம் எண்ணிக்கை கூடாது. 46 இருந்தால் 46தான். பலர் சறுக்கும் இடம், அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

‘ஞாபக சக்திக்கு லேகியம் கொடுங்க டாக்டர்’ என்று பெற்றோர் வருகிறார்கள். வல்லாரைத் துவையல் தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் புரியாத பாடத்தை எந்த லேகியமும் புரியவைக்காது. அதைவிட, தினம் ராத்திரி ஒரு செல்லை வெள்ளைத்தாளில் வரைந்து, அதன் வேலையை உங்களுக்குச் சொல்லிக்காட்டச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்போடு நிறுத்திய அம்மாவுக்கும் புரிகிற மாதிரி சொல்ல முடிந்தால் அந்தப் பாடம் கைக்கு வந்துவிட்டது. பிறகு நிம்மதியாகத் தூங்கவிடுங்கள். படித்தது மனதில் ஊன்றத் தூக்கம் ரொம்ப அவசியம்.

இன்றைக்கே சோதித்துப் பாருங்கள்:

1. கணையத்தில் செரிமான நொதி சுரக்கும் செல்லில் எது அதிகம் இருக்கும்?
2. முதிர்ந்த மனித இரத்தச் சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியா உண்டா?
3. எஸ் நிலை முடிந்த மனித உடல் செல்லில் குரோமோசோம் எத்தனை?
4. ஸ்டீராய்டு ஹார்மோன் தயாரிக்கும் செல்லில் எந்த வலை அதிகம்?

விடைகள்: 1. சொரசொரப்பான எண்டோபிளாச வலையும் கோல்கையும். 2. இல்லை, உட்கருவும் இல்லை. 3. 46. 4. வழவழப்பான வலை.

நாலும் சரியா? சபாஷ்! இரண்டுதான் சரியா? கவலை வேண்டாம். தப்பான கேள்விக்குரிய செல்லிடம் போய் அந்த மூன்று கேள்வியை மறுபடி கேளுங்கள்.