கரை தொட்ட சொற்கள்

நுழையும்முன்

ஒரு மொழியின் சொல்லுக்கு எதிரே வேறொரு மொழியின் சொல்லை எழுதிவிட்டால், அச்சொல்லின் பொருள் முழுதும் விளங்கிவிடுமா? கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழிச் சொற்களைத் தமிழ்ச் சொற்களோடு ஒப்பிட்டு, பொருள் அறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

சொல்லும் சூழலும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் செய்யாற்றின் கரையில் அமைந்த ஊர் கலசப்பாக்கம். பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி இதற்கு அண்மையில் உள்ளது. இவ்வட்டாரத்தில் ‘கரை’ என்னும் சொல் ஆற்றின் ஓரத்தையும் குறிக்கும். சேலையின் ஓரத்தையும் குறிக்கும். அகராதியில் முதற்பொருளை மட்டும் கண்ட அயல்மொழியாளர் ஒருவர், ‘பச்சைக்கரைச் சேலை’ என்னும் தொடரை எங்ஙனம் உணர்வார்? சூழலே சொல்லின் பொருளை உறுதிசெய்கிறது.

சுவாகிலி பேசும் மகளிர் உடுத்தும் ‘காங்கா’ என்னும் பருத்தி ஆடையும் இதற்குச் சான்றாகும். காங்கா என்பது முதலில் கினிக்கோழியின் பெயர். அவ்வாடையின் ஓரம் ‘பிண்டோ’ எனவும் நடுப்பகுதி ‘ம்ஜி’ எனவும் வழங்கும். ம்ஜி என்பதன் பொதுப்பொருள் ஊர் என்பதாகும். ஆடையில் அச்சிடப்படும் பழமொழி அல்லது வாழ்த்து ‘ஜீனா’ எனப்படும்; அதன் பொருள் பெயர். தமிழர் ஆடையில் ஆற்றங்கரையைக் கண்டனர். சுவாகிலியர் ஆடையில் ஓர் ஊரையே கண்டனர்.

கடல் தந்த சொற்கள்

சுவாகிலி என்னும் பெயர், கடற்கரைகள் எனப் பொருள்படும் ‘சவாஹில்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து தோன்றியது. தான்சானியா, கென்யா முதலிய நாடுகளில் வழங்கும் இம்மொழி, பாண்டு மொழிக்குடும்பத்தைச் சார்ந்தது. பருவக்காற்றின் துணையால் அரபு நாடுகள், பாரசீகம், இந்தியா ஆகியவற்றிலிருந்து வந்த கலங்கள், சரக்குகளோடு சொற்களையும் இக்கரையில் இறக்கின. இலட்சத்தைக் குறிக்கும் ‘லாக்கி’, வண்டியைக் குறிக்கும் ‘காரி’ ஆகியன இந்திய மொழிகள் தந்தவை. வழக்கறிஞரைக் குறிக்கும் ‘வக்கீலி’, தமிழில் வழங்கும் வக்கீல் என்னும் சொல்லைப் போலவே அரபு மூலம் கொண்டது.

1498ஆம் ஆண்டில் வாஸ்கோ ட காமா, ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மாலிந்தியைக் கடந்து கோழிக்கோட்டை அடைந்தார். அதன்பின் போர்த்துக்கீசியச் சொற்கள் இருகரைகளிலும் பரவின. ‘மேசா’ என்னும் போர்த்துக்கீசியச் சொல் தமிழில் மேசை ஆயிற்று. சுவாகிலியிலும் மேசா என்றே நின்றது. ‘கோப்பு’ என ஒலிக்கும் மற்றொரு சொல் தமிழில் கோப்பையாகிப் பருகும் கலத்தைக் குறிக்க, சுவாகிலியில் ‘கோப்போ’வாகித் தகரக்குவளையைக் குறித்தது. கைக்குட்டையைக் குறிக்கும் சொல் இலங்கைத் தமிழில் ‘லேஞ்சு’ ஆயிற்று. சுவாகிலியில் ‘லேசோ’ ஆகி, காங்கா ஆடைக்கும் பெயராயிற்று. மூலம் ஒன்றாயினும் பொருள் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை.

வந்த சொல் சொந்தமாதல்

அரபுச் சொற்கள் மிகுந்திருத்தலைக் கண்டு, சுவாகிலியை அரபின் கிளை எனக் கருதுதல் பிழையாகும். சுவாகிலியில் பன்மை, சொல்லின் முன்னொட்டால் உணர்த்தப்படும். நாற்காலி ‘கிட்டி’, நாற்காலிகள் ‘விட்டி’. நூலைக் குறிக்கும் ‘கித்தாப்’ என்னும் அரபுச் சொல் ‘கித்தாபு’ என நுழைந்தபோது, அதன் முதலெழுத்தையும் முன்னொட்டாகவே கொண்டு ‘வித்தாபு’ எனப் பன்மை அமைத்தனர். இடப்புறம் செல்க எனப் பொருள்படும் ‘கீப் லெஃப்ட்’ என்னும் ஆங்கிலச் சாலை அறிவிப்பும் ‘கிப்லெஃப்டி’ ஆகி, சாலை வட்டத்தைக் குறிக்கலாயிற்று. அதன் பன்மை ‘விப்லெஃப்டி’.

தமிழும் இங்ஙனமே மேசை என்னும் சொல்லை ஏற்று, மேசைகள், மேசையை, மேசைக்கு எனத் தன் உருபுகளைச் சேர்த்தது. பிற நிலத்துச் சொற்களுக்கும் இடமளித்தே தொல்காப்பியம் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தது. இலக்கணம் பாவாக நிற்க, ஊடையாக எந்த நூல் வந்தாலும் துணி அந்தத் தறிக்கே உரியது.

எதிரெதிர் அமைப்பு

‘படிக்கின்றேன்’ என்பதில் பகுதி முன்னும், காலம் காட்டும் இடைநிலை நடுவிலும், இடம் காட்டும் விகுதி இறுதியிலும் நிற்கும். இதே பொருள் தரும் சுவாகிலிச் சொல் ‘நினசோமா’. இதில் ‘நி’ தன்மையையும் ‘ந’ நிகழ்காலத்தையும் உணர்த்த, பகுதி அவற்றின் பின் வருகிறது. ‘அனசோமா’ என்பதோ படிக்கிறான், படிக்கிறாள் ஆகிய இரண்டையும் குறிக்கும். இதனைத் தமிழாக்குவோர் சூழலை அறியாமல் பால் விகுதி இடுதல் இயலாது.

காலக் கணக்கிலும் இவ்வேறுபாடு உண்டு. ‘சா மோஜா’ என்பதன் நேர்ப்பொருள் மணி ஒன்று. அது உணர்த்தும் நேரமோ காலை ஏழு மணி. பழந்தமிழரின் நாழிகைக் கணக்கைப் போலச் சுவாகிலியரும் பகற்பொழுதைக் கதிரவன் எழுச்சியிலிருந்து எண்ணுகின்றனர். இதனை அறியாதவர் சொல்லை அறிந்தும் நேரத்தைத் தவறவிடுவர்.

காக்கவேண்டிய சொற்கள்

யுனெஸ்கோ 2021ஆம் ஆண்டில், ஜூலை 7ஆம் நாளை உலகச் சுவாகிலி மொழி நாளாக அறிவித்தது. மொழியைப் போற்றுதல், அதன் தொழிற்சொற்களைப் போற்றுதலையும் உள்ளடக்கும். ஆரணிப் பகுதியில் கைத்தறி ஒன்று நின்றுபோகும்போது தொழில் மட்டும் நிற்பதில்லை. ஆலமரத்தை அன்றித் தறியையும் நினைவூட்டும் ‘விழுது’, அச்சகத்தை அன்றி நெசவையும் உணர்த்தும் ‘அச்சு’ ஆகிய சொற்களின் ஒரு பொருளும் மறையத் தொடங்குகிறது. ஆகவே, சொற்களைத் தொகுப்போர் பொருளோடு, அவை வழங்கும் இடத்தையும் தொழிலையும் குறித்துவைத்தல் இன்றியமையாததாகும்.

சொல்லும் பொருளும்

ஹரீரி – பட்டு. பாம்பா – பருத்தி. ஊஸி – நூலிழை. ஃபூமா – நெய். ம்ஃபுமாஜி – நெசவாளர். வாஃபுமாஜி – நெசவாளர்கள்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் வழங்கும் தொழிற்சொற்கள் பத்தினைத் தொகுத்து, அவற்றின் பொதுப்பொருளையும் தொழிற்பொருளையும் அட்டவணைப்படுத்துக.