அவல், தயிர், பழம்: பயம் எதற்கு, பெருமை எதற்கு?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் தஞ்சை மாவட்டத்து வீடுகளில் இரண்டு தடைகள் அமலுக்கு வந்துவிடும். பிள்ளைகளுக்குத் தயிர் கிடையாது, வாழைப்பழம் கிடையாது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவது என்றால் பேச்சுக்கே இடமில்லை. அதே வீட்டுக் கல்லூரிப் பெண் செல்பேசியில் கண்ணாடித் தம்ளர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அடியில் கெட்டித் தயிர், அதன்மேல் ஓட்ஸ், அதன்மேல் பழத்துண்டு, மறுபடி தயிர். பார்ஃபே என்று பெயர். அடுப்பே பற்ற வைக்க வேண்டாம், பத்து நிமிஷத்தில் காலை உணவு தயார். அம்மாவுக்கு அது வெளிநாட்டுச் சாப்பாடு, பாட்டிக்கு அது சளிக்கு வழி.

அந்த வீட்டு அலமாரியிலேயே கிருஷ்ண ஜெயந்திக்கு வாங்கிய அவல் பாதிப் பொட்டலம் மிச்சம் இருக்கும். நெல்லும் வாழையும் பாலும் ஒரே மண்ணில் கிடைக்கும் காவிரிப் பாசன நாட்டில் இந்தத் தம்ளருக்கு ஓட்ஸைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆனால் அவலையும் தயிரையும் பழத்தையும் சுற்றி வீண் பயமும் இருக்கிறது, வீண் பெருமையும் இருக்கிறது. இரண்டையும் விலக்கிவிட்டுத்தான் தம்ளரை எடுக்க வேண்டும்.

நம் ஊர்ப் பழக்கமில்லை என்ற பேச்சை முதலில் எடுத்துக்கொள்ளலாம். தம்ளரும் பெயரும்தான் புதிது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்று, பிள்ளையாருக்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் படைப்பதற்காக ராஜராஜன் 360 காசு முதலாக வைத்ததைச் சொல்கிறது. முதல் அப்படியே இருக்க, வட்டியில் பழம் வரும். காசுக்கு 1,200 பழம் என்ற கணக்கு. அதே கோயிலின் அமுதுபடியில் நெய்யும் தயிரும் உண்டு. மன்னார்குடி ராஜகோபாலசாமி கோயிலில் பங்குனி வெண்ணெய்த்தாழி அன்று இன்றும் ஊரே பெருமாள்மேல் வெண்ணெய் வீசுகிறது. அவல் இதற்கெல்லாம் மூத்தது. குறுந்தொகையில் அவல் இடித்த பெண்கள் உலக்கையை நெல்வயல் வரப்பில் கிடத்திவிட்டு விளையாடப் போகிறார்கள். பழைய சோற்றில் மோரை ஊற்றிக் குடித்துவிட்டு நடவுக்குப் போனவர்கள் அடுப்பில்லாக் காலை உணவை யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை.

அடுத்தது, சமைக்காததைச் சாப்பிட்டால் செரிக்காது என்ற எண்ணம். பச்சரிசியை ஊறவைத்துத் தின்றால் வயிறு வலிக்கும்தான். அவல் அப்படியல்ல, அதன் சமையல் வீட்டுக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. நெல்லை இரவு முழுக்க ஊறவைத்து, தண்ணீரை வடித்து, காய்ந்த மணலோடு இரும்புச் சட்டியில் வறுத்து, சூடு ஆறுவதற்குள் உரலில் கொட்டி இடிப்பார்கள். வறுபடும்போது நெல்லுக்குள் இருக்கும் ஈரமே அரிசியை வேகவைக்கிறது. மாவுச்சத்து இளகிக் குழைகிறது. அந்தப் பதத்தில் உலக்கை விழுந்தால் அரிசி உடையாமல் தட்டையாகும், ஆறிவிட்டால் நொறுங்கி நொய்யாகும். அதனால்தான் இரண்டு பேர் மூச்சு விடாமல் மாற்றி மாற்றி உலக்கை போட்டார்கள். இன்று அந்த வேலையை ஆலையின் இரும்பு உருளை செய்கிறது, தத்துவம் மாறவில்லை. வெந்து காய்ந்த அரிசி என்பதால்தான் அவல் பச்சைத் தண்ணீரில் சில நிமிஷங்களில் மெத்தென்று ஆகிறது. நெல்லைப் பதப்படுத்துவதை ஆராய 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஓர் ஆய்வகம் தொடங்கி, அது வளர்ந்து இன்று தஞ்சாவூரில் தேசிய நிறுவனமாக நிற்கிறது. நெல்லை வேகவைக்கும் அறிவு இந்த வட்டாரத்துக்கு அவ்வளவு நெருக்கமானது.

இனி பெருமைக்கு வரலாம். அவலில் இரும்புச்சத்து கொட்டிக் கிடக்கிறது என்று பத்திரிகைகளும் வாட்ஸ்அப் செய்திகளும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இது யாரோ கற்பனையில் சொன்னதல்ல. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் 100 கிராம் அவலுக்கு 20 மில்லிகிராம் இரும்பு என்றே இருந்தது. அதே நிறுவனம் 2017இல் புதிதாக அளந்து வெளியிட்ட அட்டவணையில் அது சுமார் நாலரை மில்லிகிராம். வெள்ளை அரிசியோடு ஒப்பிட்டால் இதுவும் கூடுதல்தான். ஆனால் காலையில் ஒருவர் சாப்பிடும் 50 கிராம் அவலில் கிடைப்பது இரண்டே கால் மில்லிகிராம். வயதுவந்த பெண்ணுக்கு நாளுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. போதாததற்கு, தயிரிலும் பாலிலும் உள்ள கால்சியம் கூடவே சாப்பிடும் இரும்பை உடல் ஏற்பதைக் குறைக்கிறது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தினமும் அவல் சாப்பிடுகிறேனே என்று சொல்லி மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்துகிறவர் தன் உடம்புக்குக் கெடுதல் செய்கிறார். தம்ளரில் வாழைப்பழத்தோடு கொய்யாத் துண்டு நாலு சேர்ந்தால் அதன் வைட்டமின் சி கொஞ்சம் கைகொடுக்கும். கீரையும் பயறும் மதியச் சாப்பாட்டில் இருந்தே ஆக வேண்டும்.

வாழைப்பழமும் தயிரும் சேரக்கூடாது என்பதற்கு நூல் ஆதாரம் இருப்பதால் அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூல் வாழைப்பழத்தைத் தயிரோடும் மோரோடும் சேர்ப்பதை விலக்கு என்றே சொல்கிறது. அந்த நூல் உடம்பை அணுகும் முறை வேறு, அதன் மதிப்பும் வேறு. ஆனால் வீட்டில் சொல்லப்படுவது அந்த நூலின் வாதமல்ல, 'சளி பிடிக்கும்' என்பதுதான். சளியைக் கொண்டுவருவது வைரஸ். மழைக்காலத்தில் சன்னலைச் சாத்திக்கொண்டு எல்லோரும் ஒரே கூடத்தில் கிடப்பதும், வகுப்பறையில் ஒருவர் தும்மல் இன்னொருவர்மேல் விழுவதும் அதைப் பரப்புகின்றன.

பால் குடித்தால் கோழை கட்டும் என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 60 தன்னார்வலர்களுக்குச் சளி வைரஸைக் கொடுத்து, அவர்கள் குடித்த பாலையும் மூக்கிலிருந்து வந்த சளியையும் நாள்தோறும் அளந்த ஆய்வு 1990இல் வெளியானது. அதிகம் பால் குடித்தவர்களுக்கு அதிகச் சளி வரவில்லை. பால் எச்சிலோடு கலந்து தொண்டையில் கொஞ்ச நேரம் வழவழப்பாக நிற்கிறது, அதைத்தான் கோழை என்று நினைத்துக்கொள்கிறோம். வாழைப்பழம் தின்றால் வாயும் தொண்டையும் அரிக்கிறது என்பவர் விஷயம் வேறு. அது ஒவ்வாமையாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுநீரக நோய்க்காக பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும் வாழைப்பழத்தைத் தாங்களாக முடிவுசெய்யக் கூடாது. பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களில் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் உறையும்போதே பாக்டீரியா பால் சர்க்கரையில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

தயிரோடு உண்மையிலேயே சண்டை போடும் பழம் ஒன்று உண்டு, அதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. அன்னாசி. அதிலுள்ள புரோமெலைன் என்ற நொதி தயிரின் புரதத்தைத் துண்டுபோடும். கலந்த உடனே சாப்பிட்டால் ஒன்றும் தெரியாது. இரவே அடுக்கிவைத்துக் காலையில் எடுத்தால் தயிர் நீர்விட்டுக் கசக்கும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ருசிதான் போகும். அன்னாசித் துண்டுகளைக் கொதிநீரில் போட்டெடுத்தால் நொதி செயலிழந்துவிடும். டப்பாவில் அடைத்த அன்னாசிக்கு அந்தத் தொல்லை இல்லை, அது ஏற்கெனவே சூடுபட்டது.

பழத்தைத் தின்றுவிட்டுப் போனால் பதினோரு மணிக்குப் பசிக்கும் என்பார்கள். இதில் நியாயம் இருக்கிறது. இட்லியில் உளுந்து இருக்கிறது, அவல் தம்ளரில் பருப்பே இல்லை. ஒரு கிண்ணம் தயிரில் ஆறு கிராம் புரதம் தேறினால் அதிகம். தயிரை மெல்லிய துணியில் கட்டி இரவு தொங்கவிட்டு நீரை வடித்துக் கெட்டியாக்கினால் அதே கிண்ணத்தில் புரதம் கூடும். வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி போட்டால் இன்னும் ஏழு கிராம். கடலை இல்லாமல் இந்தத் தம்ளர் முழுச் சாப்பாடு ஆகாது.

நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் தேனும் கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. நிறம் மாறினாலும் அவற்றில் பெரும்பங்கு சர்க்கரைதான். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு என்று 2023இல் வெளியான தேசிய ஆய்வு சொல்கிறது. அவலும் சீக்கிரம் செரித்துச் சர்க்கரையை ஏற்றக்கூடியது. அதன்மேல் இரண்டு கரண்டி வெல்லமும் கனிந்து கறுத்த பழமும் போட்டுவிட்டு ஆரோக்கிய உணவு என்று நீரிழிவுக்காரர் முன் வைப்பது தவறு. பழுத்த பூவனோ கற்பூரவள்ளியோ இருக்கும்போது தனியாக இனிப்பு எதற்கு? கடையில் விற்கும் பழத் தயிர்க் கோப்பை வாங்குகிறவர்கள் பின்பக்கம் சேர்பொருள் வரிசையைப் படிக்க வேண்டும். அளவில் அதிகமானதுதான் முதலில் அச்சாகியிருக்கும். பழத்துக்கு முன்னால் சர்க்கரை நின்றால் விஷயம் விளங்கிவிடும்.

செய்முறையில் அவலின் கனம்தான் முக்கியம். மெல்லிய அவல் தயிரில் பட்டதுமே கூழாகிவிடும், அதைச் சாப்பிடும் நேரத்தில்தான் தூவ வேண்டும். கெட்டி அவலை, சிவப்பு அவலாக இருந்தால் இன்னும் நல்லது, இரண்டு தரம் அலசி வடித்துப் பத்து நிமிஷம் மூடிவைத்தால் விரலில் நசுங்கும் பதம் வரும். தம்ளரில் முதலில் தயிர், பிறகு அவல், பழம், கடலை. மேலே மறுபடி தயிர் மூடியிருக்க வேண்டும். நறுக்கிய வாழைப்பழம் காற்றுப்பட்டால்தான் கறுக்கும், தயிருக்குள் புதைந்திருந்தால் வெள்ளையாகவே நிற்கும்.

டப்பாவில் கட்டிக் கொடுப்பதானால் தஞ்சை வெயிலில் தயிர் புளித்துவிடும் என்ற கவலை வரும். அதற்கு வழி பயணத்துக்குத் தயிர்சாதம் கட்டுகிறவர்களிடமே இருக்கிறது: காய்ச்சி ஆறிய பாலில் ஒரு கரண்டி மட்டும் தயிர் கலந்து ஊற்றுவார்கள். அவலுக்கும் அதேபோல் கலந்து, டப்பாவில் கொஞ்சம் இடம் விட்டு மூட வேண்டும், ஏனென்றால் அவல் பாலை இழுத்துக்கொண்டு உப்பும். பழத்தை நறுக்கிப் போடாமல் தோலோடு தனியாகக் கொடுத்துவிட்டால், சாப்பிடும் நேரத்தில் பிள்ளையே உரித்துப் போட்டுக்கொள்ளும்.